புல்லுக்குக் கீழே இருக்கும் மைதானம்

கல்முனைக் கரையோர ஊர்களில் ஒரு சுற்றுப்போட்டி அறிவிக்கப்பட்டால் முதல் வேலை மைதானத்தைத் துப்புரவாக்குவதுதான். கழகத்து இளைஞர்கள் கிராஸ் கட்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவார்கள். அஸர் தொழுகை நேரத்துக்குள் மண் தெரியுமளவுக்குப் புல் வழிக்கப்பட்டிருக்கும். வசதி இருந்தால் ரோலரும் ஓடும். தரை பார்க்க அழகாக இருக்கும், பந்தும் வேகமாக ஓடும். ஆனால் அந்தத் தரையில் விழுகிற பிள்ளைகளுக்கு அடி கூடுதலாகப் படும். போட்டி முடிந்து பல வாரம் போன பிறகும் அது தொடரும்.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை இந்தக் கரையில் பின்னேர விளையாட்டு என்றால் உதைபந்தும் கிரிக்கெட்டும்தான். கல்முனையின் சந்தாங்கேணி மைதானம், பாடசாலை மைதானங்கள், கடற்கரைத் திடல்கள், அறுவடை முடிந்த வட்டைகள் என்று எங்கே வெளி கிடைத்தாலும் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். பெருநாள் தொழுகையும் கூட்டங்களும் திறந்த மைதானங்களில் நடக்கின்றன. வாகனங்களும் அங்கேதான் நிறுத்தப்படுகின்றன, மாடுகளும் அங்கேதான் மேய்கின்றன. இவ்வளவு பாரத்தையும் தாங்கும் தரை எவ்வளவு கடினமாகிவிட்டது என்பதை நாம் அளந்து பார்ப்பதில்லை. பாதுகாப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரு கேள்வி மட்டும் எழும்: புல்லை உயரமாக விட்டால் தரை மெத்தென்று ஆகிவிடுமா?

ஆம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அறிவியல் தரும் விடை சற்றுச் சுற்றிவளைத்து வருகிறது. உயரமான இலை தன்னளவில் அடியைத் தாங்குவது குறைவு. அந்த இலை தரைக்குள் செய்கிற வேலைதான் அடியைத் தாங்குகிறது. இந்த வேறுபாடு புரிந்துவிட்டால், நம் மைதானங்களை எப்படிப் பராமரிப்பது என்பதும் தெளிவாகிவிடும்.

விழுவதன் கணக்கு

கீழே விழுகிற உடம்புக்கு எவ்வளவு அடி படும் என்பது, அதன் வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. கடினபந்தைப் பிடிக்கிற வீரர் கையைப் பந்தோடு சேர்த்துப் பின்னுக்கு இழுப்பார். பந்தின் வேகம் அப்படியேதான் இருக்கிறது. அது நிற்பதற்கான தூரம் மட்டும் கூடுகிறது. கையை இழுக்காமல் பிடித்தால் உள்ளங்கை எரியும்.

தரையும் அந்தக் கையைப் போலப் பின்வாங்க வேண்டும். 1.2 மீற்றர் உயரத்திலிருந்து ஒரு பிள்ளையின் தலை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 17 கிலோமீற்றர். தரையும் தோலும் சேர்ந்து 2 செ.மீ. அமுங்கிக்கொடுத்தால், தலை சராசரியாகப் புவியீர்ப்பின் 60 மடங்கு விசையோடு நிறுத்தப்படும். 1 செ.மீ. மட்டும் அமுங்கினால் அது 120 மடங்கு. அரை செ.மீ. என்றால் 240 மடங்கு. விழுந்த உயரத்தை அமுங்கிய தூரத்தால் வகுத்தாலே இந்த எண்கள் வந்துவிடும். உண்மையான மோதலில் உச்ச விசை இந்தச் சராசரியையும் தாண்டி நிற்கும். பிள்ளையின் பாதுகாப்பு இந்தச் சில மில்லிமீற்றர்களில்தான் இருக்கிறது.

இதை அளப்பதற்கு ஒரு கருவி உண்டு. மேற்கு அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த பொறியியலாளர் பேடன் கிளெக் 1970களில் அதை உருவாக்கினார். ஒரு குழாய்க்குள் எடைக்கட்டி ஒன்றை விழவிட்டு, அது எவ்வளவு திடீரென்று நிற்கிறது என்று பார்ப்பதுதான் அதன் வேலை. விளையாட்டுத் தரைகளுக்கு 2.25 கிலோகிராம் எடையை 45 செ.மீ. உயரத்திலிருந்து விழவிடுவது வழக்கம். கிடைக்கும் அளவு புவியீர்ப்பின் மடங்காகச் சொல்லப்படும். அமெரிக்க வகை உதைபந்தாட்டத்தின் தொழில்முறை லீக், போட்டிக்கு முன் தன் மைதானங்களை இந்தக் கருவியால் அளந்து பார்க்கிறது. எந்த இடத்திலும் 100ஐத் தாண்டக்கூடாது என்பது அங்கே விதி.

கிளெக் இந்தக் கருவியை முதலில் உருவாக்கியது வீதிகளுக்காக. வீதிக்கு அடியில் போடும் மண் போதிய அளவு இறுகிவிட்டதா என்று பார்க்கவே அது பயன்பட்டது. வீதிக்கு அளவு கூடினால் நல்லது. பிள்ளைகள் விழும் தரைக்கு அதே எண் கூடினால் ஆபத்து.

கத்தியால் வெட்டி எடுத்த ஒரு துண்டு

இந்தக் கரையில் மைதானங்களைத் தானாகவே மூடிக்கொள்ளும் புல் அறுகு. நன்றாகப் படர்ந்த இடத்தில் கத்தியை இறக்கி, உள்ளங்கை அளவு துண்டொன்றை 10 செ.மீ. ஆழத்துக்கு வெட்டி எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள். மேலே பச்சை இலை. அதற்குக் கீழே பழுப்பு நிறத்தில் காய்ந்த தாளும் தண்டும் பின்னிக் கிடக்கும் மெல்லிய படை. அந்தப் படைக்குள் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும் கொடித்தண்டுகள். அவற்றுக்குக் கீழே வெளிறிய நிறத்தில் நிலத்தடித் தண்டுகள். அப்புறம் மயிர்போன்ற வேர்கள் துளைத்துச் சென்ற மண்.

விரலால் மேலிருந்து அழுத்திப் பாருங்கள். இலை உடனே மடங்கிவிடும், விரலை அது எதிர்ப்பதே இல்லை. எதிர்க்காத ஒன்றால் வேகத்தைக் குறைக்க முடியாது. இன்னும் அழுத்தினால் பின்னிய படையும் தண்டுகளும் நெகிழ்ந்து, விரலை எடுத்ததும் மெல்ல எழும்பும். அடி தாங்குவது இங்கேதான் தொடங்குகிறது. அதற்கும் கீழே வேரோடிய மண் பொருபொருவென்று உதிருமானால் அதுவும் தன் பங்குக்கு அமுங்கும். வேரில்லாத மண் அப்படியே இறுகிக் கிடக்கும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரொஜர்ஸ், டொனால்ட் வோடிங்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் புல்லின் உயரம் பற்றிய இதே கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். புல்லை வெவ்வேறு உயரங்களில் வெட்டியும், முற்றாக அகற்றியும் தரையின் கடினத்தை அளந்தார்கள். புல் மூடிய தரை வெறும் மண்ணைவிட மென்மையாக இருந்தது. ஆனால் வெட்டும் உயரத்தை மாற்றியதால் வந்த வித்தியாசம் சிறியது. மண்ணின் ஈரம்தான் கடினத்தைப் பெரிதும் ஏற்றி இறக்கியது. இதைப் படித்துவிட்டு, உயரத்தில் ஒன்றுமில்லை என்று முடிவுகட்டினால் தவறாகிவிடும். ஒரு நாளில் எடுக்கும் அளவீடு அந்த நாளைத்தான் சொல்லும். வெட்டும் உயரம் மாதக்கணக்கில் வேலை செய்யும் ஒன்று.

இலையை வெட்டினால் வேர் நிற்கும்

புல்லுக்கு உணவு ஆக்கும் இடம் இலை. அந்த உணவில் ஒரு பங்கு வேருக்கு இறங்குகிறது. இலையில் பெரும்பகுதியை ஒரே நாளில் வெட்டிவிட்டால், இருக்கிற சேமிப்பையெல்லாம் புல் புதிய இலை விடுவதற்குச் செலவிடும். வேர் காத்திருக்க வேண்டியதுதான்.

அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பிராங்க்லின் கிரைடர் 1955ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இலைத்திரளில் பாதிக்கு மேல் வெட்டப்பட்ட புற்களில் வேர் வளர்ச்சி சில காலம் நின்றுபோனது. வெட்டு கூடக்கூட அந்த நிறுத்தமும் நீண்டது. புல் வளர்ப்போர் உலகமெங்கும் சொல்லும் மூன்றில் ஒன்று என்ற விதியை நியாயப்படுத்த இந்த ஆய்வைத்தான் காட்டுவார்கள். ஒரு தடவையில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது என்பதே அந்த விதி. 30 மி.மீ. உயரத்தில் வைத்திருக்க விரும்பினால், 45 மி.மீ.க்கு வளர்ந்ததும் வெட்டிவிட வேண்டும்.

வழித்தெடுத்த மைதானத்தில் நடப்பதை இப்போது வரிசையாகப் பார்க்கலாம். வேர் நிற்கிறது, மேல்மண்ணோடு சுருங்குகிறது. நிழல் தந்த இலை போனதால் வெயில் நேராக மண்ணில் விழுகிறது, மேல்மண் காய்கிறது. ஆழத்து ஈரத்தை எட்ட வேரால் முடிவதில்லை, புல் அங்கங்கே கருகுகிறது. கருகிய இடத்தில் கால்கள் நேரே மண்ணை மிதிக்கின்றன. நல்ல மண்ணின் கனவளவில் ஏறத்தாழப் பாதி காற்றும் நீரும் தங்கும் துளைவெளி. மிதிபட மிதிபட அந்த வெளி ஒடுங்கிவிடும், பிறகு புதுவேர் இறங்க வழியிருக்காது. கோல் கம்பத்தின் முன்னால் எல்லா மைதானங்களிலும் வெட்டையாகக் கிடக்கும் அந்த வட்டம் இப்படித்தான் உண்டாகிறது.

உயரமாக விடப்பட்ட புல்லில் இது எதிர்த்திசையில் நடக்கும். வேர் ஆழம் போகும். பழைய வேர்கள் அழுகிப்போன பாதைகளில் நீர் இறங்கும், மண்புழு நடமாடும், மண் பொருபொருவென்றாகும். உயரமான இலை கூடுதலான நீரை ஆவியாக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் ஆழத்து வேர் எட்டுகிற ஈரமும், இலையின் நிழல் மேல்மண்ணில் காக்கிற ஈரமும் அந்தச் செலவைப் பெரும்பாலும் ஈடுசெய்கின்றன. புல்லின் உயரத்தை மாற்றுவதால் தரையின் கடினம் மாறுவது இந்த வழியாகத்தான்.

மணல், களி, கிறவல்

நம் கரையோரத்துக்கென்று ஒரு சிறப்பு உண்டு. ஒரே ஊருக்குள் அரைமணி நேரம் நடந்தால் முற்றிலும் வேறான மண்களை மிதிக்கலாம். கடல்பக்கம் மணல். பிரதான வீதியைக் கடந்து மேற்கே போனால், கல்லோயா ஆறு காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த களிமண் வயல்கள். இன்று சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் பாயும் வட்டைகள் இவை. இரண்டுக்கும் இடையே, பள்ளத்தை நிரப்பி உண்டாக்கிய கிறவல் மைதானங்களும் இருக்கின்றன. புல்லின் உயரம் இந்த மூன்றிலும் மூன்று விதமாக வேலை செய்கிறது.

களிமண்ணில் ஈரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நீர் இருக்கும்போது நுண்துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகரும், தரை அமுங்கிக்கொடுக்கும். நீர் போனதும் துகள்கள் நெருங்கி இறுகிவிடும். வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். மலைநாட்டைத் தாண்டி மேற்கிலிருந்து இறங்கும் அந்தச் சூடான வறண்ட காற்று, இலையிலும் மண்ணிலும் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். வெட்டையான களிமண் வெடித்து இறுகும். இத்தகைய மைதானத்தில் கச்சானுக்கு முன்பே புல்லை உயர்த்தி வேரை ஆழப்படுத்துவதுதான் தற்காப்பு.

களிமண்ணுக்கு இன்னொரு பகை மாரிகால விளையாட்டு. இங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரை கொட்டிவிடும். நீர் தேங்கிய தரையில் விளையாடினால் விழுவது வலிக்காது என்பதால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் அப்போது பிசையப்படும் களி தன் துளைவெளியை இழந்துவிடுகிறது. அது காயும்போது முன்பைவிடக் கடினமாகக் காயும். மார்கழியில் மிதித்த சேற்றின் விளைவை ஆனியில் முழங்கால்கள் அனுபவிக்கும்.

மணலில் கதையே வேறு. மணல் துகள்கள் களியைப் போல ஒட்டி இறுகுவதில்லை. காய்ந்த மணல் கால் வைத்ததும் விலகி ஓடும். ஓடுபவர் சீக்கிரம் களைப்பார், கணுக்கால் புரளும். அங்கே தேவைப்படுவது உறுதி. அறுகின் கொடியும் நிலத்தடித் தண்டும் வேரும் பின்னி மணலைக் கட்டுவதால்தான் அந்த உறுதி வருகிறது. ஆகவே ஒரே புல், ஒரே உயரம், களியை மென்மையாக்குகிறது, மணலை உறுதியாக்குகிறது. மணல் மைதானத்தில் புல்லை வழித்தால் தரை குலைந்துபோகும். களி மைதானத்தில் வழித்தால் இறுகிப்போகும். இரண்டிடத்திலும் நட்டம்தான்.

கிறவல் இந்த இரண்டிலும் சேராது. கல்லும் நுண்களியும் கலந்த அந்த மண், உருட்டினால் இறுகுகிறது என்பதற்காகவே வீதிக்குப் போடப்படுகிறது. பெக்கோவைக் கொண்டு பரப்பி, ரோலரை ஓட்டிச் சமப்படுத்திய கிறவல் மைதானம், தன்மையால் இன்னும் ஒரு வீதிதான். வேர் இறங்காத இடத்தில் இலையின் உயரத்துக்கு வேலையில்லை. அங்கே குறைந்தது 10 முதல் 15 செ.மீ. வரை நல்ல மேல்மண் பரப்பிய பிறகுதான் புல்லைப் பற்றிப் பேச முடியும். பள்ளமான காணியை மைதானமாக்கத் திட்டமிடும்போதே மதிப்பீட்டில் இந்த மேல்மண்ணுக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

உப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் மருதமுனை முதல் காரைதீவு வரை கடல் ஊருக்குள் வந்தது. கடல்நீரிலுள்ள சோடியம் களித்துகள்களைப் பிரித்துச் சிதறவைக்கும். சிதறிய களி காயும்போது மேற்பரப்பில் இறுகிய ஓடாகிவிடும். சுனாமி உப்பைப் பின்வந்த மழைகள் கழுவினாலும், கோடையில் கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுவது வழக்கமான சங்கதி. மைதானத்துக்கு இறைக்கும் நீர் உவராக இருந்தால் அதே கெடுதல் சிறிய அளவில் தொடரும். உப்பை ஓரளவு தாங்கக்கூடிய புல் அறுகு என்பது நமக்கு வாய்த்த நன்மை.

உயரத்துக்கும் எல்லை உண்டு

அப்படியானால் புல்லை முழங்கால் வரை வளர்க்கலாமா? கூடாது. உயரமான புல்லில் பந்து தேங்கும், ஓடுபவர் கால் இடறும், உள்ளே கிடக்கும் கல்லும் போத்தல் ஓடும் கண்ணுக்குத் தெரியாது. ஐரோப்பிய உதைபந்தாட்டச் சங்கமான யுஎபா தன் போட்டிகளுக்கு 30 மி.மீ.க்கு மேல் புல் இருக்கக்கூடாது என்கிறது. பந்து ஓட வேண்டும் என்று நம் கழகங்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக மண் தெரிய வழிப்பதில்தான் நியாயம் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை அவுஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. அங்கே ஜோன் ஓர்ச்சார்ட் என்ற விளையாட்டு மருத்துவரும் அவருடைய குழுவினரும் அவுஸ்திரேலிய விதி உதைபந்தில் முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் கிழிவதை ஆராய்ந்தார்கள். ரைகிராஸ் என்ற குளிர்ப் பிரதேசப் புல் வளர்ந்த மைதானங்களைவிட அறுகு வளர்ந்த மைதானங்களில் அந்தக் காயம் கூடுதலாக இருந்தது. அறுகின் தடித்த படை சப்பாத்தின் முட்களை இறுகப் பிடித்துக்கொள்வதும், உடம்பு திரும்பும்போது கால் திரும்பாமல் நிற்பதும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. விழும் தலைக்குத் துணை நிற்கும் படை, அளவுக்கு மேல் தடித்தால் திரும்பும் முழங்காலுக்கு எதிராகிவிடலாம். வெட்டிய புல்லைக் கும்பலாக விடாமல் வாரி அகற்றுவதும், படை தடிக்கும்போது இரும்பு வாரியால் கீறிவிடுவதும் இதனால்தான் தேவைப்படுகின்றன.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், நீர் வசதி குறைந்த நம் அறுகு மைதானங்களுக்கு 25 முதல் 40 மி.மீ. வரை பொருத்தமான வீச்சு. ஒரு அங்குலம் முதல் ஒன்றரை அங்குலம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். போட்டிக் காலத்தில் கீழ் எல்லைக்கும், கச்சானில் மேல் எல்லைக்கும் நெருக்கமாக வைத்திருக்க வேண்டும்.

ஓர் ஆண்டின் வேலை

கிளெக்கின் கருவி நம் கழகங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். வீட்டில் இருக்கும் நீளமான ஸ்குரூ ட்ரைவர் போதும். மைதானத்தின் நடுவிலும், ஓரத்திலும், கோல் கம்பத்தின் முன்னாலும் அதை உள்ளங்கையால் அழுத்துங்கள். பெரிய சிரமமில்லாமல் 10 செ.மீ. இறங்கினால் தரை நல்ல நிலையில் இருக்கிறது. ஓரத்தில் இறங்கி, கோல் முன்னால் நுனிகூட இறங்காவிட்டால், எங்கே வேலை தேவை என்று தெரிந்துவிடும். மாதம் ஒருமுறை பார்த்து ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், ஓராண்டில் உங்கள் மைதானத்தின் போக்கு கைக்கு வந்துவிடும்.

மாரியில் நீர் வடியும்வரை களி மைதானத்தில் விளையாட்டை நிறுத்துங்கள். மாசி முதல் சித்திரை வரை மண்ணில் ஈரமும் மேலே வெயிலும் சேர்ந்திருக்கும், அறுகு வேகமாகப் படரும். வெட்டையான இடங்களில் கூரிய கம்பியால் நெருக்கமாகத் துளையிட்டு, மேல்மண் தூவி, கொடித்துண்டுகளை நட அதுவே தருணம். அந்த இடங்களில் கயிறு கட்டி ஆறு வாரமாவது காலடி படாமல் காத்தால் வேர் பிடிக்கும். கோல் கம்பங்களை நகர்த்தக்கூடியதாகச் செய்தால் ஒரே இடம் மிதிபடாது. கச்சான் தொடங்குமுன் வெட்டும் உயரத்தைக் கூட்டுங்கள். நீர் குறைவாக இருந்தால் தினமும் தெளிப்பதைவிட, வாரம் ஓரிரு முறை ஆழமாக இறங்கும்படி பாய்ச்சுங்கள். நீர் போன ஆழத்துக்குத்தான் வேரும் போகும். சுற்றுப்போட்டி வருகிறதா? மூன்று வாரத்துக்கு முன்பே தொடங்கி, ஒவ்வொரு தடவையும் மூன்றில் ஒன்று மட்டும் வெட்டி, படிப்படியாக உயரத்தை இறக்குங்கள். ரோலரை கிரிக்கெட் பிட்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கழகச் செயலாளர்கள், அதிபர்கள், மாநகர சபை, பிரதேச சபை உறுப்பினர்கள் எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுப்போட்டிக்கான கூட்டத்தில் கிண்ணத்தின் விலையையும் ஜேர்சியின் நிறத்தையும் பேசி முடித்த பிறகு, புல்லை எத்தனை மில்லிமீற்றரில் வெட்டப்போகிறோம் என்றும் பேசி, அந்த எண்ணைக் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். கிராஸ் கட்டர் பிடிக்கிறவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். இதற்குப் பணம் செலவாகாது. விழுந்து எழும்பும் பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய பாதுகாப்புகளில் மிக மலிவானது இதுதான்.